புதிய டப்பா, புதிய மூடி, புதிய இயந்திரம்: காப்புரிமை பெறுவதற்கான முழு வழிகாட்டி

எண்ணெய் சொட்டாத ஊற்றுவாய், ஒரு கையால் திறக்கும் மூடி, ஆவியை வெளியே விட்டுக் குழம்பை உள்ளே வைத்திருக்கும் சாப்பாட்டு டப்பா, அந்த டப்பாவைத் தகட்டிலிருந்து ஒரே அடியில் இழுத்தெடுக்கும் அச்சு. இப்படி ஒன்றை உருவாக்கியவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் படிவங்களைப் பற்றித்தான்: எந்தப் படிவம், எவ்வளவு கட்டணம், எங்கே கொடுக்க வேண்டும்? படிவம் நிரப்புவது ஒரு நாள் வேலை. உண்மையான உழைப்பு அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. உங்கள் பொருளுக்கும் இதுவரை உலகில் இருந்த பொருள்களுக்கும் உள்ள வேறுபாட்டைத் தேடிக் கண்டுபிடித்து, அதைச் சொற்களுக்குள் பிடித்து வைப்பதுதான் காப்புரிமை. அதனால் இந்த வழிகாட்டியில் தேடலுக்கும் எழுத்துக்கும் அதிக இடம், படிவங்களுக்குக் குறைந்த இடம்.

இங்கே சொல்வதெல்லாம் இந்தியாவின் 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தையும், 2024 மார்ச் மாதம் திருத்தப்பட்ட விதிகளையும் ஒட்டியது.

படி 1: காப்புரிமையா, வடிவமைப்புப் பதிவா?

ஒரு தண்ணீர்ப் புட்டியின் இடுப்பு வளைவு பார்க்க அழகாக இருக்கிறது, அவ்வளவுதான் என்றால் அதற்கு உரியது 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பதிவு. பத்து ஆண்டுப் பாதுகாப்பு கிடைக்கும். மேலும் ஐந்து ஆண்டுகள் நீட்டிக்கலாம். தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய். அதே வளைவு, புட்டிகளை அடுக்கும்போது கீழ்ப்புட்டி நசுங்காமல் பாரத்தைப் பிரித்து அனுப்புகிறது என்றால் அது தொழில்நுட்பம், காப்புரிமைக்கு உரியது. பாதுகாப்பு விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள்.

கண்ணால் பார்த்து மதிப்பிடுவது வடிவமைப்பு, வேலை செய்யும் விதம் காப்புரிமை. ஒரே பொருளில் இரண்டும் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியே விண்ணப்பிக்கலாம். ஜெர்மனியிலும் சீனாவிலும் சிறு மேம்பாடுகளுக்கென்று ‘பயன்பாட்டு மாதிரி’ என்ற எளிய உரிமை ஒன்று உண்டு. இந்தியாவில் அது இல்லை. அதனால் இங்கே ஒரு சிறிய மூடி மாற்றம்கூடப் பெரிய இயந்திரத்துக்குரிய அதே தேர்வைத்தான் எழுத வேண்டியிருக்கிறது. இது சிறு தொழில்காரர்களுக்கு நியாயமான ஏற்பாடு அல்ல என்பது என் கருத்து. சட்டம் மாறும்வரை வேறு வழியில்லை.

படி 2: விண்ணப்பிக்கும்வரை வெளியே காட்டாதீர்கள்

விண்ணப்பிப்பதற்கு முன் பொருளைக் கடையில் வைத்து விற்றுவிட்டால், கண்காட்சியில் காட்டிவிட்டால், காணொளியாக ஏற்றிவிட்டால், அது புதியது அல்ல. உங்கள் சொந்தக் காணொளியே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும். மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சி, அறிஞர் சங்கத்தில் வாசித்த கட்டுரை போன்ற சிலவற்றுக்கு மட்டும் 12 மாத விலக்கு உண்டு. ஊர் தொழிற்கண்காட்சிகளெல்லாம் அந்த விலக்கில் அடங்கும் என்று நம்பி இறங்க வேண்டாம்.

வெப்பக்குடுவையின் கதை இதற்குப் பொருத்தமானது. குளிரவைத்துத் திரவமாக்கிய வாயுக்களை வைத்துக்கொள்ள, இரண்டு சுவர்களுக்கு நடுவே வெற்றிடம் உள்ள குடுவையை 1892இல் லண்டனில் செய்தவர் ஜேம்ஸ் டியூவர். அவர் அதற்குக் காப்புரிமை எடுக்கவில்லை. ஜெர்மனியைச் சேர்ந்த கண்ணாடித் தொழிலர் ரைன்ஹோல்ட் பர்கர், அதற்கு உலோக உறை போட்டு வீட்டுப் பயன்பாட்டுக்கு ஏற்றதாக்கி உரிமை பெற்றார்; 1904இல் ‘தெர்மாஸ்’ நிறுவனம் பிறந்தது. டியூவர் வழக்குத் தொடுத்தும் தோற்றார்.

மாதிரி செய்யப் பட்டறைக்குப் போகாமல் முடியாது. அச்சுக்காரருக்குப் படம் காட்டாமல் அச்சு வராது. நம்பிக்கையின் பேரில் ஒருவருக்கு மட்டும் காட்டுவது வெளியீடு ஆகாது. ஆனால் அது நம்பிக்கையின் பேரில் காட்டியதுதான் என்பதைப் பிறகு நீங்கள் நிரூபிக்க வேண்டும். ஒரு பக்க ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு படத்தை நீட்டுங்கள். பழகிய அச்சுக்காரரிடம் கையெழுத்துக் கேட்கச் சங்கடமாக இருக்கும், கேட்டுவிடுங்கள்.

தட்டையான அடிப்பாகம் கொண்ட காகிதப் பையைச் செய்யும் இயந்திரத்தை உருவாக்கிய மார்கரெட் நைட்டுக்கு நேர்ந்தது இதுதான். அவருடைய இரும்பு மாதிரி பாஸ்டன் பட்டறை ஒன்றில் உருவாகிக்கொண்டிருந்தபோது அதைப் பார்த்த சார்ல்ஸ் அன்னன் என்பவர் தன் பெயரில் உரிமை கேட்டார். நைட் தன் வரைபடங்களையும் குறிப்புகளையும் காட்டிப் போராடி 1871இல் உரிமையை வாங்கினார். அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் முதலில் கண்டுபிடித்தவருக்கு முன்னுரிமை இருந்தது. இன்றைய இந்தியச் சட்டத்தில் முதலில் விண்ணப்பித்த தேதிதான் பேசும். கண்டுபிடிப்பு உங்களிடமிருந்து தவறான முறையில் எடுக்கப்பட்டது என்று எதிர்ப்பு மனு கொடுக்கலாம்; அப்போது தேதியிட்ட குறிப்பேடு உதவும். ஆனால் அது தடுப்புச்சுவர் ஆகாது.

படி 3: தேடுங்கள், பெயரால் அல்ல, வேலையால்

‘டிபன் பாக்ஸ்’ என்று தேடினால் கடைகள்தான் வரும். காப்புரிமை ஆவணங்களின் மொழி வேறு. மூடிக்கு லிட், கேப், ஸ்டாப்பர், க்ளோஷர் என்று பல பெயர்கள்; பாத்திரத்துக்கு வெஸல், கன்டெய்னர், ரிசெப்டகிள். இந்தச் சொற்காட்டில் வழிதவறாமல் இருக்க உதவுவது உலகம் முழுவதும் பொதுவான வகைப்பாட்டுக் குறியீடு. பொருள்களைச் சேமிக்கவும் அனுப்பவும் பயன்படும் கலன்களுக்கு ‘பி65டி’. அதற்குள் 41 என்பது புட்டிகளின் தொப்பி மூடிகள், 43 உறுதியான கலன்களின் மூடிகள், 50 குழந்தைகள் திறக்க முடியாத மூடிகள். பிரஷர் குக்கர் ‘ஏ47ஜே 27’இல், வெப்பக்குடுவை ‘ஏ47ஜே 41’இல், சாப்பாட்டு டப்பா ‘ஏ45சி 11’இல். பிளாஸ்டிக் புட்டியை ஊதி உருவாக்கும் முறைகள் ‘பி29சி 49’இல், தகட்டை அடித்துக் குழிவான பொருள் செய்யும் முறைகள் ‘பி21டி 51’இல் இருக்கின்றன. குறியீடுகளைத் தேடும்போது ஆங்கில எழுத்துகளில் தட்ட வேண்டும்.

கூகுள் பேட்டன்ட்ஸ், ஐரோப்பிய அலுவலகத்தின் எஸ்பாஸ்நெட், இந்திய அலுவலகத்தின் இன்பாஸ் ஆகிய மூன்றும் இலவசம். உங்கள் பொருளுக்கு மிக நெருங்கிய ஒரு ஆவணம் கிடைத்தால் அதன் குறியீடுகளையும், அதை மேற்கோள் காட்டிய பிற்கால ஆவணங்களையும் பிடித்துக்கொண்டு நகருங்கள். ஒரு மாலைப்பொழுது போதாது. ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

ஆவணத்தை எப்படி வாசிப்பது? முதல் பக்கத்திலிருந்து அல்ல. படங்களைப் பாருங்கள், பிறகு எது தனக்கு மட்டும் உரியது என்று விண்ணப்பதாரர் எண் போட்ட வாக்கியங்களில் சொல்லும் உரிமைக்கோரல்களுக்குப் போங்கள். பயிற்சிக்கு ஏர்ல் டப்பரின் 2,487,400 என்ற அமெரிக்க ஆவணத்தை எடுத்துக்கொள்ளலாம். 1947 ஜூனில் விண்ணப்பித்து 1949 நவம்பரில் கிடைத்தது. இன்று எல்லாச் சமையலறைகளிலும் இருக்கும் காற்றுப்புகா பிளாஸ்டிக் டப்பாவின் பூர்வீகம் அது. அதன் தலைப்பே பாடம்: திறந்த வாய்க் கலன், அதற்கான ‘சட்டென்று மாட்டிக்கொள்ளாத’ வகை மூடி. பிளாஸ்டிக் என்றோ டப்பா அழகு என்றோ ஒரு சொல்கூடத் தலைப்பில் இல்லை. மூடியும் விளிம்பும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் விதத்தைத்தான் அவர் தனதாக்கிக்கொண்டார்.

காலாவதியான ஆவணங்களையும் விடாமல் பாருங்கள். நூறு ஆண்டுப் பழைய ஆவணமும் உங்கள் பொருள் புதிது என்ற வாதத்தை முறிக்கும். மறுபக்கம் ஒரு நன்மை உண்டு: காலாவதியானதை யார் வேண்டுமானாலும் செய்து விற்கலாம். வெளிநாட்டில் மட்டும் உரிமை பெற்று இந்தியாவில் பெறாத பொருளையும் இங்கே செய்து இங்கே விற்கத் தடையில்லை. அந்த நாட்டுக்கு ஏற்றுமதி செய்தால்தான் வம்பு. தேடலின் முடிவில் ‘எனக்குக் காப்புரிமை தேவையில்லை, இந்தப் பழைய ஆவணமே போதும்’ என்று தெளிவது தோல்வி அல்ல, மிச்சப்பட்ட பணம்.

படி 4: பட்டறை மேம்பாடா, கண்டுபிடிப்பா?

இந்தியக் காப்புரிமை வழக்குகளில் இன்றும் அதிகம் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்புகளில் ஒன்று பாத்திரத் தொழிலிலிருந்து பிறந்தது. உத்தரப் பிரதேசத்தின் மிர்சாபூரில் பித்தளை, ஜெர்மன் சில்வர் பாத்திரங்களைச் செய்துவந்த ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ், பாத்திரத்தைக் கடைசல் இயந்திரத்தில் பிடித்து மெருகிடும் அமைப்புக்கு 1951ஆம் ஆண்டுத் தேதியிட்ட காப்புரிமையை வைத்திருந்தது. பழைய முறையில் சுழலும் பாத்திரம் பிடியிலிருந்து நழுவிப் பறந்து ஆளைக் காயப்படுத்தும் அபாயம் இருந்தது. எதிர்முனையிலிருந்து கூர்முனை கொண்ட தாங்கியால் பாத்திரத்தை அழுத்திப் பிடித்தால் அது பறக்காது. இதுதான் அந்தக் காப்புரிமையின் சாரம்.

அதே ஊரைச் சேர்ந்த போட்டியாளரான விஸ்வநாத் பிரசாத் ராதேஷ்யாம் நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார்கள். வழக்கு அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் இரு படிகளைக் கடந்து உச்ச நீதிமன்றம் வந்து, 1978 டிசம்பரில் முடிந்தது. காப்புரிமை ரத்து. கடைசல் இயந்திரத்தில் எதிர்முனைத் தாங்கி காலங்காலமாக இருக்கிறது. பாத்திரம் பறக்கிறது என்றால் அதைக் கொண்டு அழுத்திப் பிடிப்பது தொழில் தெரிந்த எவருக்கும் தோன்றக்கூடியதே. பட்டறை மேம்பாட்டைத் தாண்டிய ஒன்று அதில் இல்லை என்றது நீதிமன்றம்.

அந்த அமைப்பு பயனற்றது என்று யாரும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆபத்து குறைந்தது உண்மை. பயன் வேறு, கண்டுபிடிப்பு வேறு. ஆகவே விண்ணப்பிக்கும் முன் உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தத் தொழிலில் பத்து ஆண்டு இருக்கும் ஒருவரிடம் சிக்கலை மட்டும் சொன்னால், அவர் என்னுடைய தீர்வை அங்கேயே சொல்லிவிடுவாரா? ஆம் என்றால் நிறுத்துங்கள். இல்லை என்றால், ஏன் சொல்லமாட்டார் என்பதை எழுதிவையுங்கள். எல்லோரும் எதிர்த்திசையில் முயன்றுகொண்டிருந்தார்களா? சேரவே சேராது என்று கருதிய இரண்டு சேர்ந்து எதிர்பாராத பலன் தந்ததா? பிறகு உங்கள் விண்ணப்பத்தைச் சோதிக்கும் காப்புரிமை அலுவலகப் பரிசோதகருக்கு எழுதும் பதிலின் முதுகெலும்பு அந்தக் குறிப்புதான்.

சட்டத்தின் 3ஆம் பிரிவு இன்னொரு வாசலை முன்கூட்டியே மூடிவைத்திருக்கிறது. தனித்தனியே வேலை செய்யும் தெரிந்த சாதனங்களைச் சும்மா பக்கத்தில் வைப்பது கண்டுபிடிப்பு அல்ல. தண்ணீர்ப் புட்டியின் அடியில் டார்ச் விளக்கு பொருத்தினால் புட்டி புட்டியாகவும் விளக்கு விளக்காகவும்தான் இருக்கும். விளக்கின் சூடு மூடியின் அடைப்பை இறுக்குகிறது என்பது போல ஒன்று மற்றொன்றின் வேலையில் கைகொடுத்தால்தான் பேச்சு.

படி 5: தற்காலிக விவரக்குறிப்பைக் கொடுத்து தேதியைப் பிடியுங்கள்

பொருள் முழுமையடையவில்லை, ஆனால் கருத்து தெளிவாகிவிட்டது என்றால், அதை விளக்கி எழுதிய ஆவணமான விவரக்குறிப்பைத் தற்காலிகமாகத் தாக்கல் செய்யலாம். அன்றைய தேதி உங்களுடையது. அடுத்த 12 மாதங்களுக்குள் முழு விவரக்குறிப்பு போய்ச்சேர வேண்டும்; தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும்.

தற்காலிகம் என்பதால் இரண்டு பத்தி எழுதினால் போதும் என்று நினைப்பவர்கள் பலர். அந்தத் தேதி, அதில் எழுதியிருப்பவற்றுக்கு மட்டுமே பொருந்தும். ரப்பர் வளையம் பற்றி மட்டும் எழுதிவிட்டுப் பத்து மாதம் கழித்து சிலிக்கோன் நாக்கு ஒன்றைச் சேர்த்தால், நாக்கின் தேதி பத்து மாதம் பிந்தியது. மாற்று வடிவங்கள், மாற்றுப் பொருள்கள், கையால் வரைந்த படங்கள் எல்லாவற்றையும் முதலிலேயே திணித்துவிடுங்கள்.

விவரக்குறிப்பு ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் இருக்க வேண்டும். இருந்தாலும் முதல் வரைவைத் தமிழிலேயே எழுதுங்கள். மூடியை எந்தத் திசையில் திருகினால் எந்தப் பல் எங்கே ஏறுகிறது என்பதை நினைக்கும் மொழியில் எழுதினால்தான் ஒரு படிகூட விடுபடாது.

படி 6: உரிமைக்கோரல் எழுதுவது

இதற்கு நம் ஊர்க் கோலி சோடாப் புட்டியை எடுத்துக்கொள்வோம். லண்டனைச் சேர்ந்த ஹைரம் காட் 1870களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்ற புட்டி அது. கழுத்துக்குள் ஒரு கோலி, வாயருகே ஒரு ரப்பர் வளையம். புட்டியைத் தலைகீழாகப் பிடித்து நிரப்பும்போது கோலி வாய்ப்பக்கம் விழும். வாயுவின் அழுத்தம் அதை வளையத்தோடு ஒட்டவைத்துவிடும். அதற்குப் பிறகு கட்டைவிரலால் அழுத்தி உள்ளே தள்ளும்வரை அசையாது. கோலி அடிவரை விழாதபடி கழுத்தின் கீழ்ப்பகுதி கிள்ளியதுபோல் குறுகியிருக்கும். ஊற்றும்போது கோலி மீண்டும் வாய்க்கு உருளாமல் நிற்பதற்குக் கழுத்தின் ஒரு பக்கத்தில் மேடு இருக்கும்.

இன்று இது உங்கள் கண்டுபிடிப்பு என்று வைத்துக்கொண்டு எழுதிப் பாருங்கள். முதல் முயற்சி இப்படி வரும்: ‘கண்ணாடிக் கோலியும் ரப்பர் வளையமும் கொண்ட, சோடா நிரப்பும் பச்சை நிறக் கண்ணாடிப் புட்டி.’ போட்டியாளருக்கு இதைவிடப் பெரிய பரிசு இல்லை. அவர் எஃகு உருண்டை போடுவார், பிளாஸ்டிக்கில் புட்டி செய்வார், உங்கள் கோரலைத் தொடாமலே வியாபாரம் செய்வார்.

இரண்டாவது முயற்சி: ‘வாயு கலந்த திரவத்துக்கான ஒரு கலன், அதன் கழுத்தின் உட்புறத்தில் வாயை ஒட்டிப் பொருத்தப்பட்ட மீள்தன்மையுள்ள வளையம், கழுத்துக்குள் கட்டின்றி நகரும் உருண்டை வடிவ அடைப்பான், அடைப்பான் கலனின் உடற்பகுதிக்குள் விழாதவாறு கழுத்தில் அமைந்த குறுக்கம், கலனுக்குள் உள்ள வாயுவின் அழுத்தத்தால் அடைப்பான் வளையத்தின்மேல் அழுந்தி வாயை மூடுகிறது.’ இங்கே கண்ணாடி இல்லை, பச்சை இல்லை, சோடா இல்லை. அந்தப் பொருள் வேலை செய்ய எவை இல்லாவிட்டால் முடியாதோ அவை மட்டும் இருக்கின்றன. ஒவ்வொரு சொல்லையும் தூக்கிவிட்டுப் பாருங்கள்: வளையம் இல்லையென்றால் கசியும், குறுக்கம் இல்லையென்றால் கோலி அடியில் போய்விடும். தூக்கினாலும் பொருள் வேலை செய்கிறது என்றால் அந்தச் சொல் முதல் கோரலில் இருக்கக்கூடாது.

தூக்கியவற்றைக் குப்பையில் போடாதீர்கள். ‘கோரல் 1இல் சொன்ன கலன், அதில் ஊற்றும்போது அடைப்பானைத் தடுத்து நிறுத்தும் மேடு கழுத்தின் ஒரு பக்கத்தில் உள்ளது’ என்று சார்புக் கோரல்களாக அடுக்குங்கள். முதல் கோரல் அகலமாக இருப்பதால் பரிசோதகர் அதை ஒரு பழைய ஆவணத்தைக் காட்டி வீழ்த்தக்கூடும். அப்போது பின்வாங்கி நிற்க இந்தச் சார்புக் கோரல்கள் வேண்டும். தாக்கல் செய்த பிறகு கோரல்களைக் குறுக்கலாம், விளக்கலாம். விவரக்குறிப்பில் இல்லாத புதிய விஷயத்தைச் சேர்க்க முடியாது.

பேட்டன்ட் ஏஜென்ட் வைத்துக்கொள்வது கட்டாயமில்லை. பணம் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால், மற்ற எல்லாவற்றையும் நீங்களே செய்துவிட்டு இந்த ஒரு படிக்கு மட்டும் ஏஜென்டுக்குச் செலவழியுங்கள்.

படி 7: தாக்கல், பரிசோதனை, பதில்

தமிழ்நாடு, புதுச்சேரி, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, லட்சத்தீவு ஆகியவற்றில் இருப்பவர்களுக்கு உரியது சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகம். இணையவழியில் தாக்கல் செய்யலாம். படிவம் 1 விண்ணப்பம், படிவம் 2 விவரக்குறிப்பு, படிவம் 3 வெளிநாட்டு விண்ணப்பங்கள் பற்றிய உறுதிமொழி, படிவம் 5 கண்டுபிடித்தவர் யார் என்ற உறுதிமொழி. தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் ஆகியோருக்குக் கட்டணம் 1,600 ரூபாய். பெரிய நிறுவனங்களுக்கு 8,000. இது 30 பக்கங்களுக்கும் 10 கோரல்களுக்கும் மட்டும், மிஞ்சினால் கூடுதல். சிறு நிறுவனச் சலுகைக்கு உத்யம் பதிவுச் சான்றும் படிவம் 28உம் வேண்டும்.

18 மாதம் கழித்து விண்ணப்பம் காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வெளியாகும். தனிநபர் 2,500 ரூபாயும் படிவம் 9உம் கொடுத்தால் முன்கூட்டியே வெளியிடுவார்கள். இதில் பலர் கவனிக்காத ஒன்று: பரிசோதனை தானாக நடக்காது. படிவம் 18 மூலம், முதல் தாக்கல் தேதியிலிருந்து 31 மாதங்களுக்குள் நீங்கள் கேட்க வேண்டும். தனிநபருக்குக் கட்டணம் 4,000 ரூபாய். முன்பு 48 மாதமாக இருந்த கெடு 2024 திருத்தத்தில் சுருங்கிவிட்டதால் பழைய வழிகாட்டிகளை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், பெண் விண்ணப்பதாரர் முதலியோர் படிவம் 18ஏ மூலம் விரைவுப் பரிசோதனை கேட்கலாம். அதற்கு 8,000 ரூபாய்.

முதல் பரிசோதனை அறிக்கை வந்ததும் மனம் தளர வேண்டாம். ‘புதுமை இல்லை, கண்டுபிடிப்புப் படி (பட்டறை மேம்பாட்டைத் தாண்டிய முன்னேற்றம்) இல்லை’ என்று எல்லாக் கோரல்களையும் மறுத்துத்தான் பெரும்பாலும் வரும். அது தீர்ப்பு அல்ல, கேள்வித்தாள். பதிலளிக்க 6 மாதம். கட்டணம் செலுத்தி நீட்டிக்கவும் முடியும். பரிசோதகர் காட்டும் ஆவணங்களை ஒவ்வொன்றாக எடுத்து, உங்கள் கோரலின் எந்த உறுப்பு அதில் இல்லை என்று எழுதுங்கள். ‘என் பொருள் மிகவும் பயனுள்ளது’ என்ற வரிக்கு அங்கே மதிப்பில்லை. மிர்சாபூர் வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலும் உரிமை வேண்டுமென்றால் முதல் தாக்கலிலிருந்து 12 மாதங்களுக்குள் முடிவெடுங்கள். இந்தியாவில் வசிப்பவர் முதலில் இங்கே தாக்கல் செய்து 6 வாரம் காத்திருந்த பிறகோ, அலுவலகத்தின் முன்அனுமதி பெற்றோதான் வெளியே விண்ணப்பிக்கலாம். இதை மீறினால் இந்திய உரிமையும் போய்விடும்.

படி 8: கிடைத்த பிறகு

மூன்றாம் ஆண்டிலிருந்து ஆண்டுக் கட்டணம் உண்டு. தனிநபருக்கு 3 முதல் 6ஆம் ஆண்டுவரை ஆண்டுக்கு 800 ரூபாய், 16ஆம் ஆண்டு முதல் 8,000. தவறினால் 6 மாத அவகாசம். அதையும் தவறவிட்டால் உரிமை அற்றுவிடும், 18 மாதங்களுக்குள் மீட்பு மனு போட்டுப் போராட வேண்டும். காப்புரிமையை இந்தியாவில் பயன்படுத்துகிறீர்களா என்ற அறிக்கையைப் படிவம் 27இல் மூன்று நிதியாண்டுகளுக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும்.

யாராவது நகலெடுத்தால் மாவட்ட நீதிமன்றத்துக்குக் குறையாத நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்கலாம். ஆனால் எதிராளி உங்கள் காப்புரிமையையே ரத்து செய்யக் கோரி எதிர்மனு போடுவார். கிடைத்த உரிமை செல்லும் என்று சட்டம் உத்தரவாதம் தருவதில்லை. அதனால் வழக்குக்கு முன் மீண்டும் ஒருமுறை, இந்த முறை எதிராளியின் கண்ணோடு, முழுத் தேடல் நடத்துங்கள்.

பொருளின் மீது என்ன அச்சிடுவது என்பதையும் அச்சு வெட்டும்போதே முடிவு செய்யுங்கள். ‘காப்புரிமை பெற்றது’ என்று மட்டும் போட்டால், நகலெடுத்தவர் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லி இழப்பீட்டிலிருந்து தப்ப 111ஆம் பிரிவில் இடமிருக்கிறது. காப்புரிமை எண்ணும் கூடவே இருக்க வேண்டும். எண் கிடைப்பதற்கு முன்பே அச்சு தயாராகிவிடும் என்பதால், டப்பாவின் அடிப்பகுதியில் எண்ணுக்கென்று கழற்றி மாற்றும் சிறு துண்டு ஒன்றை வைக்கச் சொல்லுங்கள். கிடைக்காத உரிமையைக் கிடைத்ததாகவோ, விண்ணப்பிக்காமலே விண்ணப்பித்ததாகவோ பொறித்தால் 120ஆம் பிரிவின்கீழ் அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகலாம்.